தஞ்சாவூரிலிருந்து பூம்புகார் வரை ஆற்றோரமாகவே சைக்கிளில் போக முடியுமா?

உங்கள் கேள்வியை ஒருமுறை நானே சொல்லிப் பார்க்கிறேன். சென்னையில் ஞாயிறுதோறும் பதிமூன்று வயது மகளோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டுகிறீர்கள். தஞ்சாவூரில் தொடங்கி காவிரியை ஒட்டியபடியே, பஸ் லாரி தொல்லை இல்லாமல், சோழர் காலக் கோயில்களைப் பார்த்துக்கொண்டு மூன்று நாளில் பூம்புகார் சேர ஆசை. மேப்பில் ஆற்றோரம் மெல்லிய கோடுகள் தெரிகின்றன, அவற்றை நம்பலாமா என்கிறீர்கள். வண்டியே இல்லாத சாலை டெல்டாவில் கிடையாது. இங்கே ஊருக்கு ஊர் அரை மணி நேர நடைதான், வண்டி எப்படி இல்லாமல் போகும்? ஆனால் உங்கள் கவலை அதுவல்ல என்று நினைக்கிறேன். பின்னால் ஏர் ஹாரன் கேட்கும்போது முன்னால் போகும் பிள்ளையைப் பார்த்து நெஞ்சு பதறக் கூடாது, அவ்வளவுதானே? அப்படிப்பட்ட வழிகள் நிறைய இருக்கின்றன. நீங்கள் நினைக்கிற மாதிரி ஒரே கோடாக மட்டும் இருக்காது.

நான் பாசனப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஜீப் மேலதிகாரிகளுக்கு, மதகும் கரையும் பார்த்துக்கொள்ளும் லஸ்கர்களுக்கும் எங்களுக்கும் சைக்கிள்தான். தண்ணீர் திறந்துவிட்டால் வாய்க்கால் பிரியும் தலைப்பிலிருந்து கடைசி வயலான கடைமடை வரை கரையோடு போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை, இப்போது சம்பளம் இல்லாமல் போகிறேன். அதனால் நான் சொல்லும் முதல் யோசனை, சாலைகளை மறந்துவிட்டு ஆறுகளின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு என்று தண்ணீர் நான்காகப் பிரிகிறது. புது ஆறு பெயருக்கேற்பப் புதியது, மேட்டூர் அணையோடு 1934ல் வந்தது. காவிரி மேலும் பிரிந்துகொண்டே போகிறது: குடமுருட்டி, அரசலாறு, மண்ணியாறு, திருமலைராசன், முடிகொண்டான், வீரசோழன், கீர்த்திமான். கடைசி மூன்றும் கேட்ட மாத்திரத்தில் பட்டப்பெயர் என்று தெரிகிறதல்லவா? முடிகொண்டான் முதலாம் ராஜேந்திரனின் பட்டம். ஆற்றுக்கு ராஜா பெயர் வைத்த நாடு இது.

இந்த ஆறு ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரை உண்டு. பஸ் போகும் சாலை பெரும்பாலும் அதில் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு போகும். எதிர்க்கரை உங்களுடையது. அதில் தார் போட்டிருக்கும், அல்லது கப்பி, அல்லது வெறும் மண். நடுவில் ஒரு ஊர் வந்தால் சிமெண்ட் சாலையாகி, ஊர் முடிந்ததும் மறுபடி மண்ணாகும். மேப்பில் எல்லாம் ஒரே மெல்லிய கோடுதான். ஆகவே கோடு பொய் சொல்லாது, ஆனால் முழுக்கவும் சொல்லாது. கரையில் போகும் யாரையாவது நிறுத்தி, "டிவிஎஸ் எக்ஸ்எல் போகுமா?" என்று கேளுங்கள். போகும் என்றால் சைக்கிளும் போகும். "போகும்... ஆனா..." என்று இழுத்தால் திரும்பிவிடுங்கள்.

இதை நானே மதிக்காமல் பட்டிருக்கிறேன். அக்காள் மகன் ஊருக்கு வந்திருந்தபோது, எனக்குத் தெரியாத கரையா என்ற திமிரில், மாலை ஐந்து மணிக்குத் திருமலைராசன் கரையில் அவனை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். நாலு கிலோமீட்டர் அருமையான பாதை, இரண்டு பக்கமும் மூங்கில். பிறகு ஒரு வாய்க்கால் தலைப்பு. கரை அங்கே அறுந்து, அந்தப் பக்கம் போக இரண்டு பனந்துண்டுகள் போட்டிருந்தார்கள். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நான் கடந்துவிட்டேன், பையன் நடுவில் நின்றுவிட்டான். கீழே இடுப்பளவு தண்ணீர்தான். ஆனால் இருட்டிக்கொண்டு வந்தது. திரும்பி வந்து வீடு சேர மணி எட்டு. அக்காளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி. அதிலிருந்து தெரியாத கரையில் காலையில்தான் இறங்குவேன்.

உங்கள் முதல் நாளுக்கு நான் சொல்வது திருவையாறும் அதைச் சுற்றிய ஏழூரும். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 12 கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலம் ஏறி இறங்குவீர்கள். டெல்டாவில் ஏற்றம் என்றால் இந்தப் பாலங்களும் கரை ஏறும் இடங்களும்தான். இந்தச் சாலையில் பஸ் உண்டு, காலை ஆறு மணிக்கே கிளம்பிக் கடந்துவிடுங்கள். கண்டியூர் வந்ததும் வண்டிக்கூட்டத்தை விட்டு விலகிவிடலாம். திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்பவைதான் ஏழூர். சித்திரையில் ஐயாறப்பர் பல்லக்கு இந்த வரிசையில் சுற்றி வரும். நந்தி கல்யாணத்துக்கு ஒவ்வொரு ஊரும் ஒன்று கொடுத்ததாகக் கதை: சோற்றுத்துறையில் சோறு, பழனத்தில் பழம், பூந்துருத்தியில் பூ, நெய்த்தானம் என்ற தில்லைஸ்தானத்தில் நெய், வேதிகுடியில் வேதியர். கேட்க அழகாக இருக்கிறது, மகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் பழனம் என்றால் பழைய தமிழில் வயல். சாலையோரம் நின்று பார்த்தால் பழத்தைவிட வயல்தான் பொருத்தம் என்று எனக்குப் படும்.

ஏழில் மூன்று காவிரிக்கு வடக்கே, நான்கு தெற்கே. சைக்கிளுக்குப் பல்லக்கு வரிசை சரிப்படாது, ஆற்றைக் குறுக்கே கடக்க வேண்டி வரும். தெற்கு நான்கைக் காலையில் முடியுங்கள். கண்டியூரிலிருந்து மேற்கே கல்லணைச் சாலையில் பூந்துருத்தி போய்த் திரும்பி, வேதிகுடி, சோற்றுத்துறை. வேதிகுடிக்கும் சோற்றுத்துறைக்கும் நடுவே உள்ள சின்னச் சாலையை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். ஒரு மாட்டு வண்டி வந்தால் நீங்கள் ஓரம் கட்ட வேண்டிய அகலம், இரண்டு பக்கமும் வயல், வாழைத் தோப்பு. வடக்கு மூன்றையும் மாலை வெயில் தாழ்ந்ததும் பார்க்கலாம். நடுவில் பன்னிரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை எந்தக் கிராமத்துக் கோயிலும் திறந்திருக்காது, அதனால் வெயிலில் ஓட்டி ஒரு லாபமும் இல்லை. பூந்துருத்தி, சம்பந்தர் வந்த பல்லக்குக்கு அப்பர் தோள் கொடுத்த ஊர் என்பது மரபு. பெரியவர் ஒருவர் ஒரு சிறுவனைச் சுமந்தார் என்று சொன்னால் பதிமூன்று வயதுக்கு அது சட்டென்று பிடிக்கும்.

இரண்டாம் நாள் கும்பகோணம் நோக்கிக் கிழக்கே. தஞ்சாவூர்–கும்பகோணம் பழைய சாலையில் மட்டும் போகாதீர்கள். அய்யம்பேட்டை, பாபநாசம் கடைத்தெருக்களில் பெரியவர்களே தடுமாறுவார்கள். திருவையாற்றிலிருந்து காவிரி வடகரையில் கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம் வழியாக ஒரு சாலை வருகிறது. அதிலும் பஸ் போகிறது, ஆனால் மரநிழல் அதிகம், லாரி குறைவு. நான் போவதென்றால் குடமுருட்டித் தென்கரையைப் பிடிப்பேன். சோற்றுத்துறையிலிருந்து கேட்டுக் கேட்டுக் கிழக்கே வந்தால் பசுபதிகோயில் பக்கத்தில் புள்ளமங்கை. பிரம்மபுரீஸ்வரர் கோயில், முதலாம் பராந்தகன் காலம், பத்தாம் நூற்றாண்டு. தஞ்சைப் பெரிய கோயில் 1010ல் எழுந்தபோது இது நின்று பல பத்தாண்டு ஆகியிருந்தது. விமானத்தின் அடியில் உட்கார்ந்து பாருங்கள். உள்ளங்கையளவு சதுரக் கல்லில் ராமாயணக் காட்சிகள், ஒவ்வொன்றிலும் நாலைந்து உருவம், விரல்கூடத் தெளிவாக. பெரிய கோயிலில் கழுத்து வலிக்க மேலே பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இங்கே குந்திப் பார்க்க வேண்டியிருப்பது வேடிக்கையாக இருக்கும். கோயில் பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள், குருக்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். அங்கிருந்து பாபநாசம் தாண்டும்போது திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது, பழைய நெல் அளவில் 3,000 கலம் கொள்ளும். கவிழ்த்து வைத்த குதிர் மாதிரி இருக்கும். பத்து நிமிடம் போதும், ஆனால் பார்க்காமல் போகாதீர்கள்.

சாலையில் நெல் காயும் காலமாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. தார்ச்சாலையில் பாதியை நெல் பிடித்துக்கொள்ளும், ஓரத்தில் கல்லோ பனங்கட்டையோ வரிசையாக வைத்திருப்பார்கள். ஒரு பாட்டி வெறுங்காலை இழுத்து இழுத்து நடந்து நெல்லில் கோடு போட்டுக்கொண்டிருப்பார், அடிநெல் மேலே வருவதற்காக. கார்காரன் அதன் மேலேயே ஏற்றிவிட்டுப் போவான், அதைப் பார்த்து நீங்களும் ஏற்றாதீர்கள். நெல் மணல் மாதிரி கிடையாது, டயருக்கடியில் உருளும். பிரேக் பிடித்தால் சைக்கிள் பக்கவாட்டில் போகும். போன மாசியில் ஒரு ஆயா என்னை நிறுத்தி, "ஏன்யா, ஓரமா எறங்கித் தள்ளிட்டுப் போனா தேஞ்சா போயிடுவே?" என்று கேட்டார். இறங்கித் தள்ளினேன். வைக்கோல் அதைவிட மோசம். கியர் சைக்கிள் என்றால் பின்சக்கரப் பல்லில் சுற்றிக்கொண்டு இறுகிவிடும், கத்தி இல்லாமல் எடுக்க முடியாது. சின்னக் கத்தி ஒன்று பையில் இருக்கட்டும்.

மூன்றாம் நாள்தான் எனக்குப் பிடித்தது, தூரமோ மிகக் குறைவு. கும்பகோணத்தில் தங்கி, விடிந்ததும் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் எடுத்த ஐராவதேஸ்வரர் கோயில், ஊர் அரசலாற்றங்கரை. கோயிலுக்கு எட்டு மணிக்குள் போனால் பள்ளிக்கூட பஸ்கள் வருவதற்குள் வெளியே வந்துவிடலாம். அங்கிருந்து தெற்கே பட்டீஸ்வரம், சக்திமுற்றம், பழையாறை, நாதன்கோயில், உடையாளூர் எல்லாம் ஒரு கைக்குள் அடங்கும். பழையாறைதான் சோழர்களின் இன்னொரு தலைநகரம். இப்போது வயலும் வாழையும் முடிகொண்டான் கரையும்தான். அரண்மனையைத் தேடாதீர்கள். இந்த வட்டாரத்தில் உறுதியான செய்தியும் உறுதியாகாத செய்தியும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. பட்டீஸ்வரம் அருகே ராமநாதன் கோயில் என்று ஊரார் சொல்லும் பஞ்சவன்மாதேவீச்சரம், ராஜேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு எடுத்த பள்ளிப்படை, அதாவது சமாதிமேல் எழுப்பிய கோயில். கல்வெட்டே சொல்கிறது, சந்தேகம் இல்லை. உடையாளூரில் ஒரு லிங்கத்தைக் காட்டி ராஜராஜன் பள்ளிப்படை என்பார்கள். அதற்கு அப்படிப்பட்ட உறுதி கிடையாது. போய்ப் பாருங்கள், கும்பிடுங்கள், ஆனால் மகள் பள்ளிக்கூடக் கட்டுரையில் அதை உண்மையென்று எழுத வேண்டாம். கல்லணையும் அதே மாதிரிதான். கரிகாலன் பெயர் மரபு வழியாக வருகிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் இன்று நீங்கள் மேலே நின்று படம் எடுக்கும் பாலமும் மதகுகளும் ஆங்கிலேயர் காலத்து வேலை.

பூம்புகாரை என்ன செய்வது? மூன்று நாளில் திணிக்காதீர்கள் என்பேன். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே சுமார் 35 கிலோமீட்டர், அங்கிருந்து கடற்கரை இன்னும் 24. மயிலாடுதுறை ஊருக்குள் பிள்ளையோடு சைக்கிள் ஓட்டுவதில் ஒரு சுகமும் இல்லை. நாலாவது நாள் கிடைத்தால் மயிலாடுதுறையில் தங்கி விடியற்காலையில் கிளம்புங்கள். போகப் போகக் காவிரி மெலிந்துகொண்டே வரும். கல்லணையில் பார்த்த அகலத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலையூர்க் கதவணையில் போய் நில்லுங்கள். கடலுக்கு முந்தைய கடைசி அணை அது. அதற்குக் கீழே, வாய்க்கால் என்று சொன்னாலும் நம்பிவிடலாம். வேலையில் இருந்த காலத்தில் அங்கே ஒரு விவசாயி என்னிடம், "மேல இருக்கறவங்க குடிச்சது போக மிச்சம் எங்களுக்கு" என்றார். குறையாகச் சொல்லவில்லை, கணக்காகத்தான் சொன்னார்.

எப்போது வருவது என்பதில் என் கருத்து பலருக்கு ஒத்துக்கொள்ளாது. மார்கழி, தை குளிர்ச்சி என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் தை பிறந்ததும் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரம், டிராக்டர், கொள்முதல் நிலையத்து வாசலில் லாரி வரிசை என்று அமைதியான சாலையெல்லாம் அப்போதுதான் அமைதியை இழக்கும். ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம், அடைமழையில் கரை சேறாகும், உடைப்பு வரும். மாசிக் கடைசியிலிருந்து பங்குனிப் பாதி வரை கரை காய்ந்து கெட்டியாக இருக்கும், வயலில் உளுந்தும் பயறும் பச்சையாகப் படர்ந்திருக்கும், ஆனால் ஆற்றில் தண்ணீர் இருக்காது. மேட்டூரை வழக்கமாக ஜூன் 12ல் திறந்து ஜனவரி 28ல் மூடுவார்கள். ஆறு ஓடுவதைப் பார்க்க ஆசையிருந்தால் ஆவணி, புரட்டாசிதான். உங்கள் மகளுக்குக் காலாண்டு விடுமுறை அந்தச் சமயம் வரும். சில இடங்களில் குறுவை அறுவடை இருக்கும், மாலையில் இடிமழை வரலாம், அதனால் இரண்டு மணிக்குமேல் நெடுந்தூரம் ஓட்டத் திட்டமிடாதீர்கள். காற்றும் உங்கள் பக்கம். அந்த மாதங்களில் மேல்காற்று, மேற்கிலிருந்து கிழக்கே போகிறவர்களுக்கு முதுகில் கை வைத்துத் தள்ளும். கடல் பக்கம் நெருங்கும்போது மட்டும் மதியத்துக்குமேல் கடற்காற்று எதிரே வரும், அதுவும் காலையில் கிளம்ப ஒரு காரணம்.

சைக்கிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடற்கரைச் சாலைக்கு வைத்திருக்கும் மெல்லிய டயர் இங்கே ஆகாது, முப்பத்தைந்து மில்லிமீட்டராவது இருக்கட்டும். கரையெங்கும் சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும். ஆளுக்கு இரண்டு டியூப், பேட்ச், சொல்யூஷன், கைப்பம்பு. சைக்கிள் கடை எல்லா ஊரிலும் இருந்த காலம் போய்விட்டது. ஆனால் பஞ்சர் கடை இருக்கும், சாதாரண டியூப் என்றால் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். நாய் துரத்தினால் வேகம் எடுக்காமல் இறங்கி நின்றுவிடுங்கள், சைக்கிள் நடுவில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, இது மட்டும் என் தொழில் அறிவிலிருந்து, இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வழியில் தண்ணீரைப் பார்த்தால் மகள் இறங்கக் கேட்பாள். ஊர்ப் படித்துறையில், ஊர்க்காரர்கள் குளிக்கும் இடத்தில், அவர்கள் நிற்கும் ஆழத்தில் மட்டும் இறங்க விடுங்கள். ஷட்டருக்குக் கீழே ஒருபோதும் வேண்டாம். மதகிலிருந்து விழும் தண்ணீர், கட்டுமானம் முடிகிற இடத்துக்கு அப்பால் மணலைக் குடைந்து பள்ளம் பறித்துவிடும். மேலே பார்த்தால் நுரை அடங்கி நீச்சல் குளம் மாதிரி அமைதியாகத் தெரிவது அந்த இடம்தான். முழங்கால் ஆழத்தில் நடந்து போகிறவன் அடுத்த அடியில் தலைக்குமேல் போய்விடுவான். என் சர்வீஸில் அப்படி எடுத்த உடல்கள் நினைவில் இருக்கின்றன. மணல் அள்ளிய பழைய குழிகளும் அப்படித்தான், தண்ணீர் வந்தபின் கண்ணுக்குத் தெரியாது.

கரைகள் வருடத்துக்கு வருடம் மாறும், ஒரு பக்கம் புதுத் தார், இன்னொரு பக்கம் தூர்வாரிய மண் குவியல். நான் சொன்ன குடமுருட்டிக் கரையில் கடைசியாகப் போனது போன பங்குனியில். தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள். பழைய லஸ்கர்கள் இரண்டு பேர் இன்னும் அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறார்கள், அந்த வாரம் எந்தக் கரையில் வேலை நடக்கிறது என்று கேட்டுச் சொல்கிறேன்.